எந்த ஆல்பத்துக்குத் திரும்பிப் போனீர்கள்?

கேள்வி: "எங்கள் நண்பர் வட்டத்தில் பன்னிரண்டு பேர். ஆண்டு முடியும்போது ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பத்து ஆல்பங்களைச் சொல்லிக்கொள்வோம். நான் எழுத உட்கார்ந்தால் கடைசி இரண்டு மாதங்களில் கேட்டவை மட்டுமே நினைவுக்கு வருகின்றன. மற்றவர்களின் பட்டியலைப் பார்த்தாலோ நான் எதையுமே கேட்கவில்லை என்று தோன்றுகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது? பன்னிரண்டு பட்டியல்களையும் சேர்த்து ஒன்றாக்க நியாயமான வழி ஏதும் உண்டா?"

பதில்:

எதையுமே கேட்கவில்லை என்கிற கவலையை முதலில் தள்ளிவைத்துவிடுங்கள். ஓர் ஆண்டில் வெளிவந்ததையெல்லாம் கேட்டவர் உலகில் ஒருவரும் இல்லை. நாளுக்கு ஒரு புது ஆல்பம் என்று விரதம்போலக் கேட்டாலும் 365தான் ஆகும். அப்படிக் கேட்பவருக்கு எதையும் இரண்டாம் முறை கேட்க நேரம் இருக்காது. இரண்டாம் முறை கேட்காத ஆல்பத்தைப் பிடித்த ஆல்பம் என்று எப்படிச் சொல்வது? நண்பரின் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத ஏழு பெயர்கள் இருந்தால் ஏழு நல்ல மாலைகள் காத்திருக்கின்றன என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேரும் அதே பத்தைச் சொன்னால்தான் கூடிப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படிப் பட்டியல் போட்டு வருகிறேன். தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை, எல்லாரும் புகழ்ந்த ஓர் ஆல்பத்தை முதலிடத்தில் வைத்தேன். நண்பர் ஒருவர் வெகு இயல்பாக, "கடைசிப் பாட்டு திடீரென்று அறுந்து நிற்கிறதே, அது உனக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டார். கடைசிப் பாட்டு அறுந்து நிற்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முதல் ஐந்து பாட்டுகளை ஆண்டு முழுவதும் கேட்டிருக்கிறேன். மிச்சத்தை ஒருமுறைகூட முடித்ததில்லை. ஏதோ சொல்லி மழுப்பினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. அன்றைக்கு வாங்கியதுதான் குறிப்பேடு.

அந்தக் குறிப்பேட்டில் பெரிதாக எதுவும் இராது. ஓர் ஆல்பத்துக்கு உண்டான வரிகளை அப்படியே தருகிறேன்:

"மார்ச் 9. முதல் தடவை. நான்காம் பாட்டோடு தூங்கிவிட்டேன்."
"மார்ச் 12. ஐந்திலிருந்து கடைசிவரை. ஆறில் டிரம்ஸ் நின்றபின் குரல் மட்டும் தனியாக நாலு அடி."
"மார்ச் 30. தானாக எடுத்தேன்."
"ஜூன் 2. விருந்தாளிக்குப் போட்டுக் காட்டினேன். எனக்கே சலித்தது."
"செப்டம்பர் 21. தானாக எடுத்தேன். முழுக்க. ஆறு இப்போதும் அப்படியே."

இதில் மதிப்பெண் இல்லை, விமரிசனம் இல்லை. ஆண்டு இறுதியில் நான் தேடுவது "தானாக எடுத்தேன்" என்ற இரண்டு சொற்களை மட்டும்தான். எல்லாரும் பேசுகிறார்கள் என்பதற்காகவோ, பாட்டுக் கேட்கும் செயலி தானாகவே அடுத்ததாக ஓட்டியதாலோ, அலமாரியில் கைக்கு எட்டிய இடத்தில் இருந்ததாலோ கேட்டவை இந்தக் கணக்கில் சேரா. வேறு எதையும் கேட்டிருக்கலாம் என்ற நேரத்தில் இதுதான் வேண்டும் என்று தேடிப் போனேனா? அப்படிப் போன ஆல்பங்களை எண்ணினால் எந்த ஆண்டிலும் இருபதைத் தாண்டியதில்லை. இருபதிலிருந்து பத்து எடுப்பது எளிது.

இந்த ஆண்டுக்கு உங்களிடம் குறிப்பேடு இல்லை. பரவாயில்லை, தடயங்கள் இருக்கும். செயலியில் எந்தத் தேதியில் எதைச் சேமித்தீர்கள் என்பதை மாதவாரியாகப் பாருங்கள். அதைவிட நல்ல தடயம், நண்பர்களுக்கு நீங்கள் அனுப்பிய செய்திகள். இரவு பதினொன்றரைக்கு "இதைக் கேள்" என்று ஒரு பாட்டை யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். அந்த நேரத்தில் யாரும் பொய்யாக ரசிப்பதில்லை. பிப்ரவரியில் அனுப்பியதை இப்போது எடுத்துப் பார்த்தால், முழுக்க மறந்துபோன ஓர் ஆல்பம் எழுந்து வந்து நிற்கும். எனக்கு ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது ஒன்று அப்படி வருகிறது.

ஆண்டு இறுதியில் செயலிகள் வண்ணப்படங்களோடு தரும் கணக்கை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள். ஒரு பாட்டு 30 வினாடி ஓடினாலே ஒருமுறை கேட்டதாகக் கணக்கு வைப்பது அங்கே பரவலான வழக்கம். 25 சின்னப் பாட்டுகள் உள்ள ஆல்பத்தை ஒருமுறை ஓட்டினால் 25 எண்ணிக்கை சேரும். நாலே நீண்ட பாட்டுகள் உள்ள ஆல்பத்தை உயிரைக் கொடுத்து ஆறு முறை கேட்டாலும் 24தான். தூங்குவதற்காகப் போட்டது, சமைக்கும்போது பின்னணியில் ஓடியது, குழந்தை அடம்பிடித்து ஐம்பது முறை கேட்ட பாட்டு எல்லாம் அதில் ஒரே எடை. போதாததற்கு, ஆண்டு முடியச் சில வாரங்கள் இருக்கும்போதே அந்தக் கணக்கை மூடியும் விடுகிறார்கள்.

கடைசி இரண்டு மாதம் மட்டுமே நினைவில் நிற்பதற்கு வருவோம். இதில் இரண்டு சக்திகள் எதிரெதிராக இழுக்கின்றன. அண்மையில் கேட்டது பளிச்சென்று இருக்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒன்றை அடிக்கடி எதிர்கொண்டாலே அதன்மேல் விருப்பம் கூடிவிடும். உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் எழுதிய கட்டுரையிலிருந்து இது பெயர்பெற்ற விஷயம். ஆகவே பிப்ரவரி ஆல்பத்துக்குப் பழக்கத்தின் சலுகை, நவம்பர் ஆல்பத்துக்குப் புதுமையின் சலுகை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த நான் செய்வது இதுதான்: பட்டியலில் இடம்பெற வாய்ப்புள்ள எதையும் இரண்டு வாரம் தொடுவதில்லை. அந்த இரண்டு வாரத்தில் பல் தேய்க்கும்போது எந்த மெட்டு வாயில் வருகிறது, எந்தப் பெயரைப் பார்த்தும் ஒரு மெட்டுகூட நினைவுக்கு வரவில்லை என்று கவனிக்கிறேன். போன ஆண்டு உறுதியாக வைத்திருந்த மூன்று ஆல்பங்கள் இந்த இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிட்டன.

தடையை நீக்கியபின் ஒவ்வொன்றையும் ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். ஒலியளவைச் சமமாக வைத்துக்கொண்டு கேளுங்கள். இரண்டு ஒலிப்பதிவுகளில் சற்றே உரக்க ஒலிப்பது நம் காதுக்கு உயர்ந்ததாகத் தோன்றும். பல ஆல்பங்களில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சத்தத்துக்காகவே நசுக்கித் தயாரிக்கிறார்கள். செயலியின் அமைப்புகளில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருக்கும்.

இந்தச் சுற்றில் நான் காது கொடுப்பது இரண்டாம் பாதிக்கு. இதற்கொரு பழங்கதை உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கொள்ளும். நீண்ட இசையைப் பல தட்டுகளில் பிரித்து, புகைப்பட ஆல்பம் போன்ற கெட்டி அட்டைப் புத்தகத்தில் உறைகளாகக் கோத்து விற்றார்கள். 'ஆல்பம்' என்ற பெயர் இசைக்கு வந்த வழி அதுதான். 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டை அறிமுகம் செய்தபோது ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 22 நிமிடம் கிடைத்தது. புத்தகம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தத் தட்டைப் பாதியில் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அப்படி எழுந்து வந்தவரைத் தக்கவைக்க, இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டை இசைக்கலைஞர்கள் கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1982இல் குறுந்தகடு வந்தபின் 74 நிமிட இடம் கிடைத்தது. இடம் இருக்கிறதே என்று நிரப்பினார்கள். நடுவில் தொய்ந்த ஆல்பங்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இன்று திருப்பிப் போட எதுவும் இல்லை. ஆனாலும் ஆல்பத்தின் நடுவில் நிறுத்தி, 'இப்போது எழுந்துபோய்த் திருப்பிப் போடுவேனா?' என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பாதிப் பட்டியல் இங்கேயே கழிந்துவிடும்.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்க்கலாம். 2021 மார்ச்சில் 'ப்ராமிசஸ்' வந்தது. மின்னணு இசைக்கலைஞர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ், அப்போது எண்பது வயதான சாக்ஸபோன் மேதை ஃபரோவா சாண்டர்ஸ், லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா மூவரும் சேர்ந்த ஒரே படைப்பு. ஒன்பது பகுதிகள், மொத்தம் 46 நிமிடம். ஏழு சுரங்கள் கொண்ட ஒரு சின்னத் துணுக்கு மணி குலுக்குவதுபோல வந்துகொண்டே இருக்கும். முதல்முறை கேட்டபோது, இதையே எத்தனை நேரம் சுற்றுவார்கள் என்று பொறுமை இழந்தேன். இரண்டாம் முறை கேட்டபோது அந்தத் துணுக்குக்கு நடுவே உள்ள இடைவெளியில் சாண்டர்ஸ் எங்கே மூச்செடுக்கிறார் என்பது காதில் விழுந்தது. நான்காம் பகுதியில் அவர் வாத்தியத்தை விட்டுவிட்டு வாயாலேயே முனகுகிறார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஆறாம் பகுதியில் வயலின்கள் திரண்டு எழும்போதுதான் இதுவரை அவை அடக்கி வாசித்தன என்பதே உறைக்கிறது. எந்தப் பகுதியையும் தனியாக எடுத்து யாருக்கும் அனுப்ப முடியாது. அனுப்பிப் பார்த்தேன், "என்ன, ஒன்றுமே நடக்கவில்லையே?" என்று பதில் வந்தது. நியாயமான பதில்தான். அந்த ஆண்டு என் கேட்ட எண்ணிக்கையில் அது எங்கோ கீழே கிடந்தது. பட்டியலில் முதலிடம் அதற்குத்தான் கொடுத்தேன். சாண்டர்ஸ் மறு ஆண்டே, 2022 செப்டம்பரில் மறைந்தார்.

எது இந்த ஆண்டின் ஆல்பம் என்பதிலும் சண்டை வரும். முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள். தி கிளாஷ் என்ற ராக் குழுவின் 'லண்டன் காலிங்' பிரிட்டனில் 1979 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1980 ஜனவரியிலும் வெளிவந்தது. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் பின்னாளில் எண்பதுகளின் தலைசிறந்த ஆல்பம் என்று அதைத்தான் தேர்ந்தெடுத்தது. எழுபதுகளின் தட்டு எண்பதுகளின் கிரீடத்தைத் தட்டிக்கொண்டு போனதே என்று சிரித்தவர்கள் உண்டு. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1963 மார்ச்சில் பதிவுசெய்த இசை ஒன்று, அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2018இல்தான் 'போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்' என்ற ஆல்பமாக வந்தது. அதை எந்த ஆண்டில் சேர்ப்பது? மக்கள் முதன்முதலில் கேட்க முடிந்த ஆண்டுதான் அதன் ஆண்டு என்பது நான் கடைப்பிடிக்கும் விதி. மறுபதிப்புகளைச் சேர்ப்பதில்லை, அவை எத்தனை அரியவையாக இருந்தாலும். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் வந்தபோது, பதிவுக் கருவியின் வேகக் கோளாறால் முதல் பக்கத்துப் பாட்டுகள் சற்றே மேல் சுருதியில் ஒலித்தன. 1992 மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் உலகமே தப்பான சுருதியில் அதைக் காதலித்திருக்கிறது! திருத்திய பதிப்பை 1992இன் புதுவரவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரைப்படப் பாடல்களையும் சிலர் விலக்குவார்கள். நான் விலக்க மாட்டேன். ஆனால் திருப்பிப் போடும் சோதனையை அங்கும் வைப்பேன். படத்தை நினைக்காமல், காட்சியின் தயவு இல்லாமல், முதல் பாட்டிலிருந்து கடைசிவரை கேட்க முடிகிறதா? இரண்டு பாட்டுக்காக ஆறு பாட்டுத் தொகுப்பைச் சேர்ப்பது பட்டியலின் மற்ற ஒன்பது ஆல்பங்களுக்கும் செய்யும் அநியாயம். இளையராஜா 1986இல் படம் எதுவும் இல்லாமல் 'ஹவ் டு நேம் இட்' தந்தார். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கிய அந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பாட்டுகளின் மூட்டைக்கும் ஆல்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லத் தேவையில்லை.

பழைய ஆல்பங்களுக்குத் தனிப்பட்டியல் வையுங்கள்: "இந்த ஆண்டு நான் முதன்முறை கேட்ட பழையவை, ஐந்து." எங்கள் வட்டத்தில் சூடான பேச்சு எப்போதும் இதில்தான் நடக்கிறது. ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக் 1969க்கும் 1972க்கும் இடையில் மூன்று ஆல்பங்கள் போட்டார். அவர் காலத்தில் வாங்கியவர்கள் சொற்பம். 1974இல், 26 வயதில் இறந்துபோனார். அந்த ஆண்டுகளின் பட்டியல்களில் அவரைத் தேடுவது வீண். இன்று கிதார் எடுப்பவர்களில் பலர் அவர் வாசிப்பைப் படித்தவர்கள்.

இனி, பன்னிரண்டு பட்டியல்களைச் சேர்ப்பது. முதலிடத்துக்கு 10, கடைசி இடத்துக்கு 1 என்று போட்டுக் கூட்டுவதுதான் எல்லாரும் செய்வது. அதில் என்ன நடக்கும் தெரியுமா? 'அ' என்ற ஆல்பத்தை ஒன்பது பேர் ஏழாம் இடத்தில் வைக்கிறார்கள்: ஆளுக்கு 4, மொத்தம் 36. 'ஆ' என்ற ஆல்பத்தை மூன்றே பேர் முதலிடத்தில் வைக்கிறார்கள்: மொத்தம் 30. யாருக்குமே உயிராக இல்லாத 'அ' ஜெயித்துவிடுகிறது.

நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் விமரிசகர்களிடையே நடத்திய 'பாஸ் அண்ட் ஜாப்' என்ற ஆண்டு வாக்கெடுப்பில் வேறொரு முறை இருந்தது. இசை விமரிசகர் ராபர்ட் கிறிஸ்ட்கௌ வளர்த்தெடுத்த வாக்கெடுப்பு அது. ஆளுக்கு 100 புள்ளிகள்; பத்து ஆல்பங்களுக்குப் பங்கிட வேண்டும்; ஒன்றுக்கு 5க்குக் குறையக் கூடாது, 30ஐத் தாண்டக் கூடாது. அதே 'அ', 'ஆ'வை இதில் இட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் 'அ'வுக்கு ஆளுக்கு 8 தந்தால் 72. மூன்று பேர் 'ஆ'வுக்கு ஆளுக்கு 30 தந்தால் 90. 'ஆ' மேலே வந்துவிடும். எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதை முதல் முறை அளக்கிறது, எவ்வளவு பிடித்தது என்பதை இரண்டாவது அளக்கிறது. பன்னிரண்டு நண்பர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். 30ஐ ஒன்றுக்கே கொடுத்தால் மற்ற ஒன்பதுக்கும் 70தான் மிஞ்சும், கை நடுங்கும். அந்த நடுக்கத்தில்தான் உண்மையான விருப்பம் வெளிப்படுகிறது. புள்ளிக்குப் பக்கத்தில் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதையும் போட்டுவிடுங்கள், பின்னால் சண்டை குறையும்.

இதில் எங்கள் வட்டம் சேர்த்துக்கொண்ட ஒரு வேலை உண்டு. புள்ளி கொடுத்து முடித்தபின், மற்றவர்கள் சொன்ன பெயர்களையெல்லாம் ஒரே தாளில் எழுதி, அவரவர் முழுக்கக் கேட்டவற்றுக்கு மட்டும் ஒரு பொட்டு வைப்போம். அப்போது கூட்டுத்தொகையில் தெரியாத விஷயம் தெரியும்: பதினோராம் இடத்தில் கிடக்கும் ஓர் ஆல்பத்தை நாலே பேர்தான் கேட்டிருப்பார்கள், அந்த நால்வரில் மூவர் முதல் மூன்று இடங்களுக்குள் வைத்திருப்பார்கள். மற்ற எட்டுப் பேரும் அடுத்த வாரம் கேட்க வேண்டியது அதைத்தான்.

பட்டியலோடு ஒரு வரியாவது எழுதுங்கள். "மனதை வருடும் இசை", "தவறவிடக் கூடாத ஆல்பம்" போன்றவற்றை எந்த ஆல்பத்துக்கும் ஒட்டலாம். ஆகவே எதற்கும் ஒட்டாது. ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள்: "மூன்றாம் பாட்டில், இரண்டு நிமிடம் பத்து வினாடியில் தாளம் நின்றுபோகிறது, பாடகர் அதைக் கவனிக்காததுபோலப் பாடிக்கொண்டே போகிறார்." இப்படி எழுதினால் படிப்பவர் உடனே போய் அந்த இடத்தைக் கேட்டுவிட்டு வருவார். பிடிக்காமல் போனாலும் எதைப் பற்றி வாதாடுவது என்று தெரிந்திருக்கும்.

கடைசியாக, தேதி. டிசம்பர் முதல் வாரத்தில் பட்டியலை மூடிவிடாதீர்கள். 2013 டிசம்பர் 13 அன்று அமெரிக்கப் பாடகி பியான்சே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தம் பெயரிலேயே ஓர் ஆல்பத்தை வெளியிட்டார். இதழ்களின் பட்டியல்கள் பெரும்பாலும் அச்சேறிவிட்டிருந்தன. மறு ஆண்டு டிசம்பர் 15 அன்று பாடகர் டி'ஏஞ்சலோவின் 'பிளாக் மெசையா' வந்தது, முந்தைய ஆல்பத்துக்குப் பிறகு ஏறக்குறைய பதினைந்து ஆண்டு கழித்து. அவசரப்பட்ட பட்டியல்களில் அதற்கு இடமே இல்லை. ஜனவரியில் முடிவு சொன்ன 'பாஸ் அண்ட் ஜாப்' வாக்கெடுப்பில் அதுதான் முதலிடம். நாங்கள் ஜனவரி 15 என்று வைத்திருக்கிறோம். என் பட்டியலில் ஒன்பது பெயர்கள் உறுதியாகிவிட்டன. பத்தாம் இடத்துக்கு இரண்டு ஆல்பங்கள் போட்டியிடுகின்றன. ஒன்றின் இரண்டாம் பாதியை இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும்.